ராண்டி வெஸ்டன் – க்னாவா கூட்டணி: இதை ஃப்யூஷன் என்று சொல்லலாமா?

தாழ்ஸ்தாயி எழுதியது:

1967 தொடக்கத்தில் அமெரிக்க வெளியுறவுத் துறை செலவில் ஒரு ஜாஸ் குழு வடக்கு, மேற்கு ஆப்பிரிக்க நாடுகளைச் சுற்றி வந்தது. குழுத் தலைவர் புரூக்ளினைச் சேர்ந்த பியானோ கலைஞர் ராண்டி வெஸ்டன். சுற்றுப்பயணத்தில் கடைசி நாடு மொராக்கோ. ஊர் திரும்பிய மனிதர் அதே வருடம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மொராக்கோவுக்கே குடிபோய்விட்டார். முதலில் ரபாத், அப்புறம் டான்ஜியர். டான்ஜியரில் 'ஆப்பிரிக்கன் ரிதம்ஸ்' என்று ஒரு கிளப்பும் நடத்தினார்.

அங்கேதான் அப்துல்லா எல் கூர்த் அவருக்கு அறிமுகமானார். டான்ஜியரில் இருந்த வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலியில் வேலை பார்த்துக்கொண்டு, க்னாவா இசையை முறையாகக் கற்று வந்த இளைஞர். க்னாவா என்பவர்கள் சகாராவுக்குத் தெற்கேயிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். அவர்களுடைய முக்கியச் சடங்கு 'லீலா'. மாலை தெருவில் மேள ஊர்வலத்தோடு தொடங்கி விடிய விடிய நடக்கும். ஏழு நிறங்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் அதற்குரிய ஆவிகள், துணி, சாம்பிராணி, பாட்டு எல்லாம் வரிசையாக உண்டு. வாசிப்பை நடத்துபவர் 'மாலெம்', அதாவது ஆசான். சடங்கை நடத்துவது பெரும்பாலும் ஒரு பெண். வந்திருப்பவர்களில் யாருக்கு எந்த நிறம் உரியதோ அந்தப் பாட்டு வரும்போது அவர்கள் எழுந்து ஆடுவார்கள். நம் ஊர்க் கொடையில் உடுக்கைச் சத்தம் ஏற ஏற ஒருவருக்கு அருள் இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை.

வெஸ்டன் அப்படி ஒரு லீலாவில் உட்கார்ந்து கேட்டார். அந்த இசையின் பிடியிலிருந்து வெளியே வரப் பல நாள் ஆனது என்று தன்வரலாற்றில் சொல்கிறார். அந்த நீலநிறப் பகுதி, சீதி மூசா என்ற ஆவிக்கான பாட்டு, அவரை விடவே இல்லை. அதை வைத்து ஒரு பியானோ உருப்படி செய்து, க்னாவா பெரியவர்களிடம் போய் 'மேடையில் வாசிக்கலாமா?' என்று அனுமதி கேட்டார். உடனே கிடைக்கவில்லை. புனிதமான பாட்டு, வெளியில் வாசிக்கிற பாட்டில்லை என்றார்கள். காத்திருந்துதான் வாங்கினார். அதுதான் 'ப்ளூ மோசஸ்'.

என் கட்சி இதுதான். ஜாஸும் ஆப்பிரிக்க நாட்டுப்புற இசையும் சேர்ந்த பதிவுகளில் வெஸ்டன் – க்னாவா கூட்டணிக்கு நிகராக இன்னொன்று எனக்குக் கிடைக்கவில்லை. காரணம் அவர் அங்கே குடியிருந்தார், கேட்டார், காத்திருந்தார். எல்லாவற்றுக்கும் மேலே, எங்கே வாசிக்காமல் இருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 1992 செப்டம்பரில் காசாபிளாங்காவில் பதிவான க்னாவா ஆசான்கள் இசைத்தட்டைக் கேளுங்கள். பல ஊர் மாலெம்களை ஒன்றாக உட்கார வைத்திருக்கிறார். முகப்பில் அவர் பெயர் இருக்கிறது. ஆனால் அவர் பியானோவில் உட்காருவது 'ஷலபாத்தி' என்ற ஒரே உருப்படியில்தான். தன் பெயரில் வருகிற தட்டில் இப்படி ஒதுங்கி நிற்க எத்தனை பேருக்கு மனம் வரும்?

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.


வடகரையான் எழுதியது:

நல்ல அறிமுகம், ஆனால் ஒரு விஷயத்தை வேகமாகத் தாண்டிப் போய்விட்டீர்கள். வெளியுறவுத் துறை ஏன் ஜாஸ் குழுவை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பியது? பனிப்போர் காலம். சொந்த ஊரில் கறுப்பின மக்கள் ஓட்டுரிமைக்காக அடிவாங்கிக்கொண்டிருந்தபோது, புதிதாக விடுதலை பெற்ற நாடுகளில் 'எங்கள் நாட்டில் எல்லாரும் சமம்' என்று காட்டுவதற்காக அந்தக் கலைஞர்களையே அனுப்பினார்கள். 1956ல் டிரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பியை வைத்துத் தொடங்கிய திட்டம் அது. கறுப்பின மாணவர்களைப் பள்ளிக்குள் விட மறுத்த லிட்டில் ராக் பிரச்சினையின்போது லூயி ஆர்ம்ஸ்ட்ராங் சோவியத் பயணத்துக்கு வர மாட்டேன் என்று மறுத்ததும் இந்தப் பின்னணியில்தான்.

அந்தக் கதவு வழியாக உள்ளே போனவர் வெஸ்டன். அவர் பெரிய கலைஞர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு பக்கம் கடவுச்சீட்டும் கிளப்பும் ஒலிப்பதிவு ஒப்பந்தமும் உள்ளவர், இன்னொரு பக்கம் தங்கள் ஊரிலேயே பல காலம் மதிப்பில்லாமல் இருந்த சடங்குக் கலைஞர்கள். இவர்களுக்கு நடுவே நடந்ததை 'அனுமதி கேட்டார், கொடுத்தார்கள்' என்று இரண்டு வரியில் முடித்துவிட முடியாது.


தனியாவர்த்தனம் எழுதியது:

அரசியலை நீங்கள் பேசுங்கள், நான் வாசிக்கிறவன், தாளத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

மிருதங்கம் பயின்ற காதோடு கர்கபாவைக் கேட்டால் முதலில் குழப்பமாக இருக்கும். கர்கபா என்பது கைக்கு இரண்டாகப் பிடித்துத் தட்டுகிற இரும்புத் தாளம். எட்டு வடிவத்தில் இருக்கும். பத்துப் பேர் சேர்ந்து தட்டும்போது அறையே உலோகச் சத்தத்தில் நிறைந்துவிடும். அந்த நடையை எண்ணிப் பாருங்கள். சதுஸ்ரம் என்று நினைத்து நாலு நாலாக எண்ணினால் காலடி வழுக்கும். சரி, திஸ்ரம் என்று மூன்றாக எண்ணினால் அதுவும் ஒட்டாது. இரண்டுக்கும் நடுவே ஓர் இடத்தில் அடிகள் விழுகின்றன. வேகம் ஏற ஏற அந்த இடமும் நகர்கிறது. மெதுவாகத் தொடங்கும்போது ஒரு பக்கம் சாய்ந்திருந்த நடை, உச்சத்துக்குப் போகும்போது ஏறக்குறைய சமமாகிவிடும். எங்கே மாறியது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது.

இப்போது ஜாஸ் ஸ்விங்கைக் கேளுங்கள். அங்கேயும் இதே கதைதான். ஒரு எண்ணிக்கைக்குள் விழும் இரண்டு அடிகள் சமமாகவும் இருக்காது, சுத்தமான திஸ்ரத்திலும் இருக்காது. வேகம் கூடினால் சமத்தை நோக்கி நகரும். எழுதிக் காட்ட முடியாத இடம், காதில் வாங்கித்தான் பிடிக்க வேண்டும்.

வெஸ்டன் – க்னாவா பதிவுகளில் ஒட்டுப்போட்ட உணர்வு வராததற்கு இதுதான் காரணம் என்பது என் எண்ணம். பல ஃப்யூஷன் கச்சேரிகளில் பாருங்கள், டிரம்ஸ்காரர் ஒரு கட்டம் போட்ட தாளத்தை வைத்துவிட்டு, நாட்டுப்புறக் கலைஞரை அதற்குள் உட்காரச் சொல்லுவார். அவரும் மரியாதைக்காக உட்கார்ந்துவிடுவார், அந்த நிமிடமே அவருடைய நடை செத்துவிடும். வெஸ்டன் அதைச் செய்யவில்லை. கர்கபா எங்கே சாய்கிறதோ அங்கே அவர் இடது கை சாய்கிறது.

இன்னொன்று, சுருதி. க்னாவா பாட்டு பெரும்பாலும் ஐந்து சுரத்துக்குள் நிற்கும். கும்ப்ரி என்ற அவர்களுடைய தந்தி வாத்தியத்தில் ஒரு சின்ன சொற்றொடர் திரும்பத் திரும்ப வரும், நுணுக்கமாக மாறிக்கொண்டே வரும், ஆனால் வீட்டை விட்டுப் போகாது. ஜாஸ் பியானோக்காரருக்கு இங்கே கை அரிக்கும். மேலே கார்டுகளை (chord, ஒரே நேரத்தில் ஒலிக்கும் பல சுரங்கள்) அடுக்கி, இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே என்று இழுத்துக்கொண்டு போகத் தோன்றும். அப்படி இழுத்தால் ஐந்து சுரப் பாட்டு மேற்கத்திய மெட்டாக மாறிவிடும். வெஸ்டன் கார்டு மாற்றத்தை அநேகமாகக் கைவிட்டு, பியானோவின் கீழ்க்கோடியில் இரட்டை ஸ்தாயியாகவும் நெருக்கமான சுரக் கொத்தாகவும் அடிக்கிறார். மனிதர் ஆறரை அடிக்கு மேல் உயரம், கையும் அதற்கேற்ற கை. அந்தக் கனம் கும்ப்ரியின் கனத்தோடு நேராகப் போய்ச் சேர்கிறது.


லா ஷப்பெல்காரன் எழுதியது:

நான் பாரிஸில் லா ஷப்பெல் பக்கம் இருக்கிறேன். எங்கட தமிழ்க் கடைத்தெருவில் இருந்து கொஞ்சத் தூரம் நடந்தால் பார்பேஸ். மொராக்கோ, அல்ஜீரியச் சனம் கனபேர் இருக்கிற இடம். ஒரு காலத்தில் அங்கே கசெட் கடைகள் வரிசையாக இருந்தன. கும்ப்ரிச் சத்தத்தை நான் முதல் கேட்டது அப்படி ஒரு கடை வாசலில்தான், ஜாஸ் வழியாக இல்லை. அதனால் எனக்குக் கேள்வி மறுபக்கமாக வருகிறது: க்னாவாக்காரருக்கு இந்தக் கூட்டால் என்ன கிடைத்தது?

தனியாவர்த்தனம் அண்ணா கும்ப்ரியைப் பற்றிச் சொன்னதோடு இதையும் சேர்க்கிறேன். அது ஒரே மரத்துண்டைக் குடைந்து செய்கிற உடல். மேலே ஒட்டகத் தோல். கழுத்து உருண்டையான தடி. மூன்று நரம்பு. தோல் வார்களைக் கழுத்தில் மேலும் கீழும் நகர்த்தித்தான் சுருதி சேர்ப்பார்கள். நரம்பை மீட்டுகிற அதே கை தோலிலும் தட்டும், அதனால் மத்தளமும் அதுதான், தந்தி வாத்தியமும் அதுதான். கழுத்து நுனியில் வளையங்கள் கோத்த ஒரு தகடு செருகி இருப்பார்கள், மீட்டும்போது அது கிலுகிலுக்கும். மூன்று நரம்பில் ஒன்று மற்ற இரண்டை விடக் குட்டை, கழுத்தின் பாதி வழியிலேயே நின்றுவிடும். அதை விரலால் அழுத்தாமல் வெறுமனே மீட்டுவார்கள். அமெரிக்க பாஞ்சோவிலும் இப்படி ஒரு குட்டைக் கம்பி இருக்கிறது, பக்கத்தில் இருந்து தொடங்கும் ஐந்தாவது கம்பி. பாஞ்சோவை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனவர்களும் அடிமைகளாகப் போன ஆப்பிரிக்கர்கள்தான்.

க்னாவா இசையைக் கேட்டபோது ப்ளூஸ், கறுப்பர் தேவாலயப் பாட்டு, ஜாஸ் எல்லாம் ஒன்றாகக் காதில் விழுந்தது என்று வெஸ்டன் பல இடத்தில் சொல்லியிருக்கிறார். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் 'ஜாஸின் தாய் க்னாவா' என்று சிலர் எழுதுவதை நான் ஏற்க மாட்டேன். அட்லாண்டிக் தாண்டி அமெரிக்கா போனவர்களும், சகாரா தாண்டி வடக்கே போனவர்களும் பெரும்பாலும் மேற்கு ஆப்பிரிக்கப் பிரதேசங்களில் இருந்து பிரிந்தவர்கள். இவை இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஒன்று கப்பலில் போனது, மற்றது ஒட்டக வழியில் போனது. தாய் வேறு இடத்தில் இருக்கிறாள். வெஸ்டன் மொராக்கோவில் கண்டுபிடித்தது தன் பாட்டியை இல்லை, நெடுநாள் பிரிந்த சகோதரியை. எனக்கு அது இன்னும் நெருக்கமான உறவாகப் படுகிறது.


தாழ்ஸ்தாயி எழுதியது:

தம்பி, குட்டை நரம்பைப் பற்றி எழுதியதற்கு நன்றி. கேட்கும்போது அந்த ஒரு சுரம் மட்டும் விடாமல் நடுவில் ஒலித்துக்கொண்டே இருப்பதைக் கவனித்தால் போதும், மற்ற எல்லாம் தானாகப் பிடிபடும்.

வடகரையான் ஐயா, வெளியுறவுத் துறை விஷயம் சரிதான். ஆனால் அந்தக் கதவு வழியாக வெஸ்டன் முதல்முறை ஆப்பிரிக்காவுக்குப் போகவில்லை. அவருடைய அப்பா கறுப்பின விடுதலைத் தலைவர் மார்கஸ் கார்வியின் கொள்கையில் ஊறியவர், ஜமைக்கா – பனாமா வழிவந்தவர், புரூக்ளினில் உணவகம் நடத்தினார். 'நீ அமெரிக்காவில் பிறந்த ஆப்பிரிக்கன்' என்று சொல்லிச் சொல்லி மகனை வளர்த்தார். வீட்டில் ஆப்பிரிக்கா பற்றிய புத்தகங்களும் வரைபடங்களும் இருந்தன. 1961லும் 1963லும் லாகோஸ் போய் வந்துவிட்டார் வெஸ்டன். அரசாங்கம் டிக்கெட் வாங்கிக் கொடுப்பதற்கு முன்பே அவர் மனதில் முடிவாகிவிட்ட பயணம் அது.

இளமையிலேயே அவர் காதில் வட ஆப்பிரிக்க இசை விழுந்ததற்குக் காரணம் இன்னொரு புரூக்ளின் நண்பர், பாஸ் வாசித்த அகமது அப்துல் மாலிக். 1958ல் ஜாஸ் பியானோ மேதை தெலோனியஸ் மாங்க்கோடு வாசித்தவர். புரூக்ளின் அட்லாண்டிக் அவென்யூவில் அரபு இசைக்காரர்கள் வாசிக்கும் இடங்களுக்கு வெஸ்டனைக் கூட்டிக்கொண்டு போவாராம். அதே 1958ல் ஊத் வாத்தியத்தையும் அரபுத் தாளங்களையும் சேர்த்து 'ஜாஸ் சகாரா' என்ற தட்டைக் கொண்டுவந்தார். தன் அப்பா சூடானியர் என்று சொல்லிக்கொண்டார். பின்னாளில் வரலாற்றாசிரியர் ராபின் கெல்லி தேடிப் பார்த்தபோது, பெற்றோர் கரீபியத் தீவான செயின்ட் வின்சென்டைச் சேர்ந்தவர்கள் என்று தெரியவந்தது. இதைப் பொய் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. வேரை அறுத்துவிட்ட இடத்தில் ஒருவர் தனக்கென்று ஒரு வேரைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறார். அதோடு நிற்காமல் ஊத் கற்று, அரபு கற்று, அந்த வேருக்கு உழைத்தும் இருக்கிறார்.

க்னாவாக்காரருக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வி முக்கியமானது. எல் கூர்த் வெஸ்டனோடு பல நாடுகளில் வாசித்தார். டான்ஜியரின் பழைய நகரப் பகுதியான மெதினாவில் இருக்கும் தன் வீட்டையே 'தார் க்னாவா' என்ற கூடமாக்கி இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஜாஸ் சாக்ஸஃபோன் கலைஞர் ஆர்ச்சி ஷெப்போடும் வாசித்திருக்கிறார். முப்பது வருடத்துக்கும் மேலான உறவு அது. ஒருவர் பயன்படுத்தப்பட்டதாக நினைத்திருந்தால் இவ்வளவு காலம் கூடவே வந்திருக்க மாட்டார் என்று நம்புகிறேன்.


நீலாம்பரி எழுதியது:

இத்தனை பதிவு வந்தும் மெல்பா லிஸ்டன் பெயர் வரவில்லை. எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

வெஸ்டனின் பெரிய குழுப் பதிவுகளில் நாம் கேட்கிற ஒலி பாதிக்கு மேல் அவருடையது. டிராம்போன் கலைஞர். ஆண்கள் மட்டுமே நிறைந்திருந்த பெரிய இசைக்குழுக்களில், டிஸ்ஸி கில்லெஸ்பி குழு உட்பட, தன் வாசிப்பாலும் எழுத்தாலும் இடம் பிடித்தவர். 1960 நவம்பரில் வெஸ்டனின் 'உஹுரு ஆஃப்ரிகா' தட்டு பதிவானபோது இசைக்கோப்பு முழுவதும் மெல்பா. ஆப்பிரிக்காவில் பதினேழு நாடுகள் விடுதலை பெற்ற வருடம் அது. பாடல் வரிகள் லாங்ஸ்டன் ஹியூஸ். தாங்கனிக்காவை (இன்று தான்சானியாவில் உள்ளது) சேர்ந்த துந்தெமெகே சங்கா கிஸ்வாஹிலியில் பேசுகிறார். நைஜீரியாவின் பாபதுண்டே ஒலாதுஞ்சி, கியூபாவின் கேண்டிடோ, அர்மாண்டோ பெராசா, அமெரிக்காவின் மேக்ஸ் ரோச் எல்லாரும் ஒரே அறையில் தாளம் போடுகிறார்கள். 1964ல் தென்னாப்பிரிக்க நிறவெறி அரசு அந்தத் தட்டைத் தடை செய்தது. அந்த அரசு எதைக் கண்டு பயந்தது என்று அதைக் கேட்டாலே தெரியும்.

அதில் 'ஆஃப்ரிகன் லேடி' பகுதியைக் கேளுங்கள். மார்த்தா ஃபிளவர்ஸ் பாடுகிறார், பின்னால் பித்தளை வாத்தியங்கள். மெல்பா அவற்றைப் பாடகிக்கு மேலே ஏறவே விடுவதில்லை. நெருங்கி வருகின்றன, குரல் மூச்செடுக்கும் இடத்தில் மட்டும் ஒரு அலை, உடனே பின்வாங்கல். எத்தனை தாளக் கலைஞர்கள் அந்த அறையில் இருந்தார்கள் என்று யோசித்தால், இவ்வளவு இடைவெளியைக் காப்பாற்றியது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும்.

1985ல் மெல்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. டிராம்போன் வாசிக்க முடியாமல் போனது. அப்புறம் கணினி வைத்து இசைக்கோப்பு எழுதக் கற்றுக்கொண்டு, 1991ல் வெஸ்டனுக்காக 'தி ஸ்பிரிட்ஸ் ஆஃப் அவர் ஆன்செஸ்டர்ஸ்' இரட்டைத் தட்டுக்கு எழுதினார். கும்ப்ரி, கர்கபா, டிஸ்ஸி கில்லெஸ்பி, சாக்ஸஃபோன் கலைஞர் ஃபேரோ சாண்டர்ஸ் எல்லாரும் ஒரே தட்டில். பெரிய பித்தளைக் குழுவையும் ஒரு மூன்று நரம்பு வாத்தியத்தையும் ஒன்றாக ஒலிக்க வைப்பது வாசிக்கிறவர்களின் நல்லெண்ணத்தால் மட்டும் நடக்காது. யாரோ ஒருவர் உட்கார்ந்து, எந்த வாத்தியம் எப்போது ஒதுங்க வேண்டும் என்று எழுத வேண்டும். அந்த யாரோ ஒருவர் மெல்பா.


இசைத்தட்டுப்பெட்டி எழுதியது:

1972ல் சி.டி.ஐ. நிறுவனத்தில் வந்த 'ப்ளூ மோசஸ்' தட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வெஸ்டன் பெயரைத் தேடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் முதலில் கிடைப்பது அதுதான். க்ரீட் டெய்லர் தயாரிப்பு. ஃப்ரெடி ஹப்பர்ட், குரோவர் வாஷிங்டன், ரான் கார்ட்டர், பில்லி கோபம் என்று நட்சத்திரப் பட்டாளம். வெஸ்டனை எலெக்ட்ரிக் பியானோ வாசிக்க வைத்தார்கள். அவர் கிளம்பிப் போன பிறகு டான் செபெஸ்கியின் வாத்தியக் கோப்பை மேலே சேர்த்தார்கள். முடிந்த வடிவத்தைக் கேட்டு வெஸ்டன் அதிர்ந்து போனார். அவருடைய தட்டுகளில் நன்றாக விற்றது அதுவே.

அது மோசமான தட்டு இல்லை, நான் விரும்பிக் கேட்பேன். ஆனால் லீலாவில் பாடுகிற பாட்டு எப்படி எழுபதுகளின் நியூயார்க் ஸ்டுடியோ ஒலியாக மாறியது என்பதற்கு அது சாட்சி. அதையும், நீலாம்பரி சொன்ன 1991 தட்டில் உள்ள அதே பாட்டின் வடிவத்தையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டால், கலைஞர் நினைத்ததற்கும் தயாரிப்பாளர் நினைத்ததற்கும் உள்ள தூரம் காதிலேயே அளந்துவிடலாம். பாஸைக் கவனியுங்கள். பின்னாளில் வெஸ்டனோடு நெடுங்காலம் வாசித்த அலெக்ஸ் பிளேக், நின்றுகொண்டு வாசிக்கும் பெரிய பாஸை விரல்களால் வாரி அடித்து, நடுவே உடலிலும் தட்டுவார். கும்ப்ரி வாசிப்பு அப்படியே ஜாஸ் வாத்தியத்துக்குள் வந்துவிட்டது.

இதே வழியில் வேறு சிலரும் நடந்தார்கள். ஆர்ச்சி ஷெப் 1969ல் அல்ஜியர்ஸ் ஆப்பிரிக்கக் கலைவிழாவில் சகாரா நாடோடிகளான துவாரெக் இசைக்காரர்களோடு வாசித்தார். ஆர்னெட் கோல்மன் 1973 ஜனவரியில் மொராக்கோ மலைக் கிராமமான ஜஜூக்காவுக்குப் போய் அங்குள்ள நாயனக்காரர்களோடு வாசித்தார். அதில் ஒரு துண்டுதான் 1977ல் வெளிவந்தது. ஃபேரோ சாண்டர்ஸ் 1994ல் எஸ்ஸவீராவில் மாலெம் மஹ்மூத் கனியாவோடு செய்த பதிவு இன்னும் தீவிரமானது. சாக்ஸஃபோன் கதறுகிறது, கும்ப்ரி அசையாமல் நிற்கிறது. அதை நான் வெஸ்டன் பதிவுகளுக்குச் சமமாக வைப்பேன். தாழ்ஸ்தாயி ஒத்துக்கொள்ள மாட்டார் என்று தெரியும்.


வடகரையான் எழுதியது:

எல்லாப் பதிவும் படித்தேன். நீலாம்பரி அம்மா எழுதியதற்குத் தனி நன்றி.

என் கேள்வியை இன்னும் குறுக்கிக் கேட்கிறேன். 'ப்ளூ மோசஸ்' தட்டில் இசையமைப்பு என்ற இடத்தில் யார் பெயர்? வெஸ்டன் பெயர் மட்டும். சீதி மூசாவின் பாட்டை எந்த மாலெம் உருவாக்கினார் என்று யாருக்கும் தெரியாது, பல தலைமுறைச் சொத்து. பதிப்புரிமைச் சட்டத்துக்குத் தலைமுறைகள் என்ற ஆசிரியர் கிடையாது. ஒரு தனிமனிதர் பெயர் வேண்டும். பெயர் இருக்கும் இடத்துக்குப் பணம் போகும். அனுமதி கேட்டது பெரிய மனது. ஆனால் அனுமதி கொடுத்த பெரியவர்களின் பிள்ளைகளுக்கு அந்தத் தட்டு விற்ற பணத்தில் உரிமை எழுதி வைக்கப்படவில்லையே. நம் கிராமத்துப் பாட்டுகள் சினிமாவுக்குப் போகும்போதும் இதே கேள்வியைத்தான் கேட்கிறோம். அங்கே கேட்பதை இங்கேயும் கேட்க வேண்டும், கலைஞர் நமக்குப் பிடித்தவர் என்பதற்காக விட்டுவிடக் கூடாது.


தாழ்ஸ்தாயி எழுதியது:

கேட்க வேண்டிய கேள்விதான் ஐயா. சட்டப்படி நடந்தது அப்படித்தான், அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அதே மனிதர் 1992ல் என்ன செய்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறேன். புகழ்பெற்ற நிறுவனம் அவருக்குப் பதிவு வாய்ப்புக் கொடுக்கிறது. இன்னொரு 'ப்ளூ மோசஸ்' செய்திருக்கலாம். அவர் மாலெம்களைக் கூட்டிவந்து, அவர்கள் பாட்டை அவர்கள் குரலிலேயே, அவர்கள் வாத்தியத்திலேயே பதிவு செய்ய வைத்தார். எஸ்ஸவீராவில் க்னாவா விழா தொடங்கியது 1998ல். யுனெஸ்கோ தன் பட்டியலில் க்னாவாவைச் சேர்த்தது 2019ல். அதற்கெல்லாம் முன்பே, தன் பெயரின் பலத்தை அவர்களுக்காகப் பயன்படுத்தினார். 1972ல் செய்ய முடியாமல் போனதை 1992ல் ஓரளவு நேர்செய்ததாகத்தான் நான் அந்தத் தட்டைக் கேட்கிறேன்.

இசைத்தட்டுப்பெட்டி, ஃபேரோ – கனியா பதிவு அருமையானது, சந்தேகமில்லை. ஆனால் அது ஒரு சந்திப்பு. இரண்டு பெரிய சக்திகள் சில நாள் ஒரே வீட்டில் இருந்து வாசித்துவிட்டுப் பிரிந்தன. அதில் ஒரு தீ இருக்கிறது. வெஸ்டனிடம் தீ குறைவு, ஆனால் குடித்தனம் நடத்தியவரின் பழக்கம் தெரிகிறது. அடுத்தவர் என்ன சொல்லப் போகிறார் என்று தெரிந்து வழிவிடுகிற பழக்கம். எனக்கு அது பெரிது.


கோடைமழை எழுதியது:

நான் ஜாஸ் அதிகம் கேட்டதில்லை, இளையராஜாவும் கொஞ்சம் கர்நாடக இசையும்தான். இந்த இழையைப் படித்ததும் கேட்கத் தோன்றுகிறது. எங்கே தொடங்கலாம்? ஒன்றிரண்டு மட்டும் சொல்லுங்கள் அண்ணா, பெரிய பட்டியல் வேண்டாம்.


தனியாவர்த்தனம் எழுதியது:

முதலில் வெஸ்டனை விட்டுவிட்டு, 1992 பதிவில் க்னாவாக்காரர்கள் மட்டும் வாசிக்கிற ஏதாவது ஒரு பாட்டைக் கேளுங்கள். தாளம் போடாதீர்கள், எண்ணவும் வேண்டாம். கும்ப்ரியின் சொற்றொடர் மனப்பாடம் ஆகும்வரை அதையே இரண்டு மூன்று முறை ஓட விடுங்கள். நல்ல ஹெட்ஃபோன் வேண்டும், ஃபோன் ஸ்பீக்கரில் கும்ப்ரி காணாமல் போய் வெறும் இரும்புச் சத்தம்தான் மிஞ்சும்.

அப்புறம் அதே தட்டில் 'ஷலபாத்தி'. பியானோ உள்ளே வருகிற இடத்தில் கர்கபாவின் நடை மாறுகிறதா என்று மட்டும் பாருங்கள்.


நீலாம்பரி எழுதியது:

அதன் பிறகு 'ஆஃப்ரிகன் லேடி'. ராஜா சாரின் பின்னணி வயலின்களைக் கேட்டுப் பழகிய காதுக்கு மெல்பா எழுதிய பித்தளை உடனே பிடிபடும். கேட்டுவிட்டு இங்கே வந்து எழுதுங்கள், எந்த இடம் பிடித்தது என்று.


லா ஷப்பெல்காரன் எழுதியது:

1999ல் புரூக்ளினில் ஒரு தேவாலயத்தில் வெஸ்டன் தன் குழுவையும் க்னாவா ஆசான்களையும் சேர்த்து நடத்திய கச்சேரியும் தட்டாக வந்திருக்கிறது. அவர் பிறந்து வளர்ந்த ஊரில், அவர் கேட்டு வளர்ந்த தேவாலயப் பாட்டு ஒலிக்கிற மாதிரியான இடத்தில், எல் கூர்த்தும் மற்றவர்களும் வாசிக்கிறார்கள். வடகரையான் ஐயா, நீங்கள் அதைக் கேட்க வேண்டும். பணக் கணக்கு பற்றிய உங்கட கேள்விக்கு அதில் பதில் இல்லை. ஆனால் அங்கே யார் யாருக்கு வழிவிடுகிறார்கள் என்பது ஒவ்வொரு உருப்படியிலும் கேட்கும், நீங்களே முடிவு செய்யலாம்.


வடகரையான் எழுதியது:

கேட்கிறேன் தம்பி. அந்தத் தட்டில் எந்தப் பாட்டுக்கு யார் பெயர் போட்டிருக்கிறது என்றும் பார்த்து, இங்கேயே எழுதுகிறேன்.